பொருத்தம் பார்த்தல்: வால்வுப் பெருக்கியும் நிலைமின் ஒலிபெருக்கியும்

ஒரு புதிரோடு தொடங்குவோம்.

ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. அதை 15 வாட் திறனுள்ள பழைய வால்வுப் பெருக்கி ஒன்றோடு இணைத்தால் ஆண்டுக்கணக்கில் இனிமையாகப் பாடுகிறது. அதே ஒலிபெருக்கியை 100 வாட் திறனுள்ள டிரான்சிஸ்டர் பெருக்கியோடு இணைத்து ஒலியைக் கூட்டுகிறோம். 'சடக்' என்று ஓர் ஓசை கேட்கிறது. உள்ளே ஒரு தீப்பொறி தெறிக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் ஓட்டை விழுந்துவிடுகிறது. இத்தனைக்கும், பெருக்கியின் முதுகில் எழுதியிருந்த ஓம் எண்ணையும் ஒலிபெருக்கியின் ஓம் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் இணைத்தோம். கணக்கில் தவறு எங்கே?

இது கற்பனைக் கதையன்று. இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்னும் ஊரில் பீட்டர் வாக்கர் என்பவர் நடத்திய நிறுவனம் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கிக்கு உலகெங்கும் நேர்ந்த விபத்து இது. வாக்கரும், வால்வுப் பெருக்கி வடிவமைப்பில் பெயர்பெற்ற வில்லியம்சன் என்பவரும் சேர்ந்து இத்தகைய ஒலிபெருக்கியை ஆராய்ந்தார்கள். அதன் கோட்பாட்டை வாக்கர் 1955-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற இதழில் எழுதினார். (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் 1945-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இதே இதழில்தான் வந்தது!) புதிரை அவிழ்க்க வேண்டுமானால், முதலில் இந்த ஒலிபெருக்கி எப்படிப் பாடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சாதாரண ஒலிபெருக்கியை நீங்கள் அறிவீர்கள். ஒரு காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. நிலைமின் ஒலிபெருக்கியில் காந்தமும் இல்லை, கூம்பும் இல்லை. துளைகள் நிறைந்த இரண்டு தகடுகள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் நடுவே, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. படலத்துக்கு உயர்ந்த மின்னழுத்தம் தந்து அதில் மின்னூட்டத்தை நிரப்பி வைக்கிறார்கள். வாக்கரின் ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுருதிகளுக்கான படலத்துக்கு 6,000 வோல்ட்; உயர்ந்த சுருதிகளுக்கான படலத்துக்கு 1,500 வோல்ட். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கிறதல்லவா? அதே விசைதான் இங்கும் வேலை செய்கிறது. இசையின் மின்னழுத்தம் தகடுகளில் ஏறி இறங்க, ஒரு தகடு படலத்தை இழுக்கிறது. மறு தகடு தள்ளுகிறது.

இந்த எண்ணம் 1920-களிலேயே தோன்றியதுதான். ஆனால் அக்காலத்தில் ஒரு தகடும் ஒரு படலமும் மட்டும் வைத்துச் செய்து பார்த்தார்கள். அப்படிச் செய்தால் இழுக்கும் விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். மின்னழுத்தம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பாடியது ஒன்று, கேட்பது வேறொன்று. இரண்டு தகடுகளுக்கு நடுவே படலத்தை வைத்து, படலத்தின் மேல் மிக உயர்ந்த தடையுள்ள பூச்சைப் பூசி, மின்னூட்டம் அங்குமிங்கும் ஓடாதவாறு நிலைநிறுத்தினால் இந்தக் குறை நீங்கிவிடுகிறது. அப்போது விசை என்பது மின்னூட்டத்தையும் மின்புலத்தையும் பெருக்கினால் வருவது மட்டுமே. மின்னூட்டம் மாறாததால், மின்னழுத்தம் இரு மடங்கானால் விசையும் சரியாக இரு மடங்கு. படலம் நடுவில் இருந்தாலும் சற்று விலகி இருந்தாலும் விசை மாறுவதில்லை. படலம் ஏறக்குறைய எடையே இல்லாதது. பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் தள்ளப்படுகிறது. வீணை நரம்பை மீட்டிய கணத்தின் நுட்பம்கூடச் சிதையாமல் வெளிவருவதன் காரணம் இதுவே.

சரி, இரண்டு தகடுகள், நடுவே காற்று. மின்னியல் பாடத்தில் இதற்கு என்ன பெயர்? ஆம், மின்தேக்கி! நிலைமின் ஒலிபெருக்கி என்பது பாடத் தெரிந்த ஒரு பெரிய மின்தேக்கிதான். பெருக்கிக்கு ஏற்படும் தொல்லைகளெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இனி, மறுபக்கம் இருக்கும் வால்வுப் பெருக்கிக்கு வருவோம். வெற்றிடக் கண்ணாடிக் குழாயினுள் சூடான எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி நேர்மின்வாய்க்குப் பறக்கின்றன. இடையில் உள்ள கம்பி வலையான கிரிட் அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது. தாத்தா காலத்து வானொலிப் பெட்டியில், போட்டவுடன் பாடாமல் அரை நிமிடம் சூடாகும்வரை காக்க வைத்ததும் இதே வால்வுதான். வால்வின் இயல்பு, மிகுந்த மின்னழுத்தமும் குறைந்த மின்னோட்டமும். சில நூறு வோல்ட் அதற்கு எளிது. ஓர் ஆம்பியர் கேட்டால் திணறிவிடும். 4 ஓம், 8 ஓம், 16 ஓம் ஒலிபெருக்கியோ குறைந்த வோல்ட்டில் நிறைய ஆம்பியர் கேட்பது. இருவருக்கும் நடுவே தரகராக ஒரு மின்மாற்றி வருகிறது.

நெம்புகோல் ஒரு பக்கம் நீண்ட அசைவையும் சிறு விசையையும் வாங்கிக்கொண்டு மறுபக்கம் சிறு அசைவையும் பெரு விசையையும் தருகிறது. மின்மாற்றியும் அப்படியே. அதன் சுற்று விகிதம் 20-க்கு 1 என்றால், மின்னழுத்தம் 20-இல் ஒரு பங்காகும். மின்னோட்டம் 20 மடங்காகும். மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு சுமை காட்டும் மொத்த எதிர்ப்பை 'மின் எதிர்ப்பு' என்கிறோம். அது சுற்று விகிதத்தின் இருமடிக்கு, அதாவது 400 மடங்குக்கு மாறித் தோன்றும். மின்மாற்றியின் ஒரு பக்கம் இணைத்த 16 ஓம், மறுபக்கம் உள்ள வால்வின் கண்ணுக்கு 6,400 ஓம் ஆகத் தெரிகிறது. வால்வுக்குப் பிடித்த சுமை ஏறக்குறைய அவ்வளவுதான். அதே 6,400 ஓம் தோன்ற வேண்டும், ஆனால் ஒலிபெருக்கி 4 ஓம் என்றால், விகிதம் 40-க்கு 1 ஆக வேண்டும். அதற்காகத்தான் வால்வுப் பெருக்கியின் பின்புறம் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. நிலைமின் ஒலிபெருக்கியின் தகடுகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் இசை மின்னழுத்தம் தேவை. ஆகவே அதனுள்ளும் ஒரு மின்மாற்றி இருக்கிறது. இது மின்னழுத்தத்தை ஏற்றுவது. பெருக்கியில் இறக்கி, ஒலிபெருக்கியில் மறுபடி ஏற்றுகிறோம்! 'இரண்டையும் எடுத்தெறிந்துவிட்டு வால்வைத் தகட்டோடு நேராக இணைத்தால் என்ன?' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அமெரிக்காவில் 1970-களில் பெவரிட்ஜ் என்பவரும் அகூஸ்டாட் என்ற நிறுவனமும் இப்படியே செய்து விற்றார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட்டை வீட்டுக் கூடத்தில் கம்பி வழியாக இழுத்துச் செல்ல முடியுமா? பெருக்கியை ஒலிபெருக்கியோடு சேர்த்தே அமைக்க வேண்டியதாயிற்று. வேறு பெருக்கியை வைத்துப் பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லாமற் போயிற்று.

இப்போது கணக்குக்கு வருவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தகடுகளின் மின்தேக்குத்திறன் 200 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறியதுதான். ஒலிபெருக்கியின் மின்மாற்றி 1-க்கு 100 என்று ஏற்றுவதாகக் கொண்டால், பெருக்கியின் பக்கம் அது 100-இன் இருமடி, அதாவது 10,000 மடங்காகத் தோன்றும். 200 பிகோஃபாரட் 2 மைக்ரோஃபாரட் ஆகிவிடுகிறது! மின்தேக்கியின் மறுப்பு, 1-ஐ 2π, அதிர்வெண், மின்தேக்குத்திறன் ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்தால் வருவது என்பதைப் படித்திருப்பீர்கள். 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இந்த 2 மைக்ரோஃபாரட்டின் மறுப்பு ஏறத்தாழ 800 ஓம். 1,000 ஹெர்ட்ஸில் 80 ஓம். 10,000 ஹெர்ட்ஸில் 8 ஓம். 20,000 ஹெர்ட்ஸில் வெறும் 4 ஓம்.

பார்த்தீர்களா? 'இதன் மின் எதிர்ப்பு எத்தனை ஓம்?' என்ற கேள்விக்கு ஒற்றை விடையே கிடையாது. மிருதங்கத்தின் தொப்பிக்கு ஒரு விடை. ஜால்ராவின் கிணுகிணுப்புக்கு வேறு விடை. உண்மையான ஒலிபெருக்கியில் மின்மாற்றிச் சுருள்களும் தடைகளும் குறுக்கிடுவதால் எண்கள் இவ்வளவு நேராக இறங்கா. வாக்கரின் ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுருதிகளில் சில பத்து ஓம்களாக இருந்து, செவிக்கு எட்டும் உச்ச எல்லையருகே 2 ஓம் அளவுக்கு விழுந்துவிடுகிறது. முதுகில் எழுதும் 16 ஓம் என்பது நடுவாக எடுத்த ஓர் எண் மட்டுமே. அந்த ஒன்றை மட்டும் பார்த்து இணைப்பது, பத்துப் பொருத்தத்தில் ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டுத் திருமண நாள் குறிப்பதைப் போன்றது.

வேறு என்ன பார்க்க வேண்டும்? முதலில், பெருக்கியின் அகத்தடை. மின்கலத்துக்கு அகத்தடை இருப்பதுபோல் பெருக்கிக்கும் உண்டு. டிரான்சிஸ்டர் பெருக்கிகளில் இது பெரும்பாலும் ஓர் ஓமின் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். வால்வுப் பெருக்கிகளில் ஓர் ஓம், இரண்டு ஓம், சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். நம் 2 மைக்ரோஃபாரட் சுமையை 4 ஓம் அகத்தடையுள்ள பெருக்கியோடு இணைப்போம். 1,000 ஹெர்ட்ஸில் 80 ஓமுக்கு முன் 4 ஓம் எம்மாத்திரம்? மின்னழுத்தம் முழுவதும் ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேர்கிறது. 20,000 ஹெர்ட்ஸில் அகத்தடை 4, மறுப்பும் 4. இரண்டையும் சாதாரணமாகக் கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப்போல் இருமடி எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். 16-உம் 16-உம் 32. வர்க்கமூலம் ஏறத்தாழ 5.66. ஒலிபெருக்கிக்குக் கிடைப்பது 4-ஐ 5.66-ஆல் வகுத்த பங்கு, அதாவது 0.707. திறன் கணக்கில் சரிபாதி போயிற்று. ஜால்ரா சற்று மங்கிக் கேட்கும்.

'வால்வின் ஒலி இதமானது, மென்மையானது' என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த இதத்தில் ஒரு பகுதி இந்த முக்கோணக் கணக்குதான் என்பது என் கருத்து. அதில் மாயம் ஏதும் இல்லை. பிடித்திருந்தால் கேட்டு மகிழலாம். ஆனால் பெருக்கிக்கு உள்ளே பாதியைத் தொலைத்துவிட்டு, அதையே சிறப்பு என்று சொல்வதில் பொருளில்லை.

இதற்கு ஓர் எளிய மருந்து உண்டு. ஒலிபெருக்கியின் முதுகில் என்ன எழுதியிருந்தாலும், பெருக்கியின் 16 ஓம் முனையை விட்டு 4 ஓம் முனையில் இணைத்துப் பார்க்கலாம். சுற்று விகிதம் இரு மடங்காவதால் அகத்தடை நான்கில் ஒன்றாகிறது. 4 ஓமாக இருந்தது 1 ஓம். அதே 20,000 ஹெர்ட்ஸில் 16-உம் 1-உம் 17, வர்க்கமூலம் 4.12, கிடைக்கும் பங்கு 0.97. ஏறக்குறைய முழுவதும் வந்துவிட்டது! ஆனால் இலவசமாக அல்ல. கிடைக்கக்கூடிய மின்னழுத்தமும் பாதியாகிவிடும். பலத்த ஒலி வேண்டுமென்றால் எட்டாது. அறை சிறியதா, பெரியதா என்பதைப் பொறுத்து அவரவர் முடிவு செய்ய வேண்டிய காரியம் இது.

இரண்டாவது தொல்லை இன்னும் நுட்பமானது. நல்ல பெருக்கிகளில் எதிர்ப் பின்னூட்டம் என்ற உத்தி உண்டு. வெளிவரும் ஒலி மின்னழுத்தத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, உள்ளே தலைகீழாகத் திருப்பி அனுப்பி, பிழைகளைத் திருத்திக்கொள்வார்கள். அகத்தடை குறைவதும் இதனால்தான். இது ஆடும் ஊஞ்சலைக் கையால் அடக்குவது போன்றது. ஊஞ்சல் உங்களை நோக்கி வரும்போது எதிராகத் தள்ளினால் அடங்கும். கை அரை ஆட்டம் தாமதித்தால்? ஊஞ்சல் திரும்பிப் போகும்போது முதுகில் தள்ளியதாகும். அடக்க வந்த கையே ஆட்டத்தை வளர்த்துவிடும்.

பெருக்கியிலும் தாமதம் உண்டு. வெளியீட்டு மின்மாற்றி கொஞ்சம் தாமதிக்கிறது. மின்தேக்கிச் சுமை சேர்ந்தால் மேலும் தாமதம். அதிர்வெண் ஏற ஏறத் தாமதத்தின் பங்கு பெரிதாகி, காதுக்கு எட்டாத ஏதோ ஓர் உயர் அதிர்வெண்ணில் அரை ஆட்டத்தை எட்டிவிடலாம். அங்கே பெருக்கிக்கு வலிமை மிச்சம் இருந்தால், அது பெருக்கியாக இராமல் அலையியற்றி ஆகிவிடும். நமக்கு ஒன்றும் கேட்காது; வால்வுகள் மட்டும் காரணமின்றிக் கொதிக்கும். இதனால்தான் பெருக்கிகளைச் சோதிப்பவர்கள் 8 ஓம் தடைக்கு இணையாக 2 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை மாட்டி, சதுர அலையை அனுப்பி, அலைநோக்கியில் பார்ப்பது வழக்கம். சதுரத்தின் மூலையில் ஓரிரு நெளிவு வந்து அடங்கினால் பிழையில்லை. நெளிவு அடங்காமல் தொடர்ந்தால் அந்தப் பெருக்கி நிலைமின் ஒலிபெருக்கிக்கு ஆகாது.

மூன்றாவதாக மின்னோட்டம். மின்தேக்கி திறனைச் செலவழிப்பதில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். கொடுத்ததெல்லாம் திரும்பி வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் திரும்பி வருவதன் வெப்பத்தைத் தாங்குவது பெருக்கியாயிற்றே! டிரான்சிஸ்டர்களில், மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருசேர உச்சத்தில் நிற்கும் கணங்கள் வந்துவிடும். 1960-களின் டிரான்சிஸ்டர் பெருக்கிகள் சில இதைத் தாங்காமல் எரிந்தன. வால்வோ இத்தகைய கணத்தில் 'இவ்வளவுதான் முடியும்' என்று நின்றுவிடும். அதைத் தாண்டி எரிந்து போவதில்லை. நற்காலமாக, இசையில் உச்ச சுருதிகளின் வலிமை எப்போதுமே குறைவு.

இனி நம் புதிர். ஓட்டை விழுந்தது ஏன்?

வாக்கரின் ஒலிபெருக்கிக்கு ஓர் எல்லை உண்டு: உள்ளே செலுத்தும் மின்னழுத்தத்தின் உச்சம் 33 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், மின்மாற்றி அதைப் பன்மடங்காக்கித் தகடுகளுக்கு அனுப்ப, நடுவேயுள்ள காற்று மின்காப்பை இழந்து பொறி பாயும். அந்த நிறுவனமே 1953-இல் கொண்டுவந்த குவாட் 2 என்ற வால்வுப் பெருக்கி 15 வாட் தருவது. 16 ஓமில் 15 வாட் என்றால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காண 15.5 வோல்ட் பயனுறு மதிப்பு, அதை 1.414-ஆல் பெருக்க உச்சம் 22 வோல்ட். எல்லைக்குள் நல்ல இடைவெளி இருக்கிறது. ஒலியை எவ்வளவு கூட்டினாலும் வால்வு தானே நின்றுவிடும்; படலம் பிழைக்கும்.

100 வாட் பெருக்கியைப் பாருங்கள். 8 ஓமில் 100 வாட் என்றால் 28.3 வோல்ட் பயனுறு மதிப்பு. உச்சம் 40 வோல்ட். சுமை 8 ஓமுக்குப் பதில் 16 ஓம் ஆனால் திறன் பாதியாகும் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். டிரான்சிஸ்டர் பெருக்கியின் அகத்தடை மிகக் குறைவு. எந்தச் சுமைக்கும் அது அதே 40 வோல்ட்டைத் தள்ளும். வாட் குறைந்தது, வோல்ட் குறையவில்லை. படலத்தைத் துளைத்தது வோல்ட்தான். ஓம் எண்ணைப் பார்த்தவர் வோல்ட்டைப் பார்க்கவில்லை.

வாக்கரின் நிறுவனம் 1967-இல் டிரான்சிஸ்டருக்கு மாறியபோது செய்த 303 என்ற பெருக்கி 8 ஓமில் 45 வாட் தருவது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: உச்சம் 27 வோல்ட். மறுபடியும் எல்லைக்குள்! 1975-இல் 100 வாட் தரும் 405 வந்தபோது, பழைய நிலைமின் ஒலிபெருக்கி வைத்திருப்போருக்காக அதன் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் தரவேண்டியதாயிற்று. 1981-இல் வந்த அடுத்த ஒலிபெருக்கியான ஈ.எஸ்.எல். 63-இன் உள்ளேயே பாதுகாப்புச் சுற்று அமைத்துவிட்டார்கள். முதல் ஒலிபெருக்கியின் உற்பத்தி 1985-இல் நின்றது. ஆயினும் பழுதுபார்த்து இன்றும் கேட்டு மகிழ்வோர் பலர் இருக்கிறார்கள். வால்வுகளும் நிலைமின் ஒலிபெருக்கிகளும் இப்போதும் புதிதாகச் செய்யப்படுகின்றன.

ஓர் எச்சரிக்கை. பழைய வால்வுப் பெருக்கியோ நிலைமின் ஒலிபெருக்கியோ எங்கேனும் கண்டால் திறந்து பார்க்க ஆசை வரும், திறக்காதீர்கள். வால்வுப் பெருக்கியின் மின்தேக்கிகளில் 300, 400 வோல்ட், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தேங்கி நிற்கும். ஒலிபெருக்கியிலோ ஆயிரக்கணக்கில். மின்தேக்கிக்கு நண்பன், பகைவன் என்ற வேறுபாடு தெரியாது.

உங்கள் சோதனைச்சாலை வரைபடத் தாள்தான். குறுக்கே 1,000 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை குறித்துக்கொள்ளுங்கள். நெடுக்கே, ஒலிபெருக்கிக்குக் கிடைக்கும் பங்கு 0 முதல் 1 வரை. மின்தேக்குத்திறனை இம்முறை 3 மைக்ரோஃபாரட் என்று எடுத்துக்கொண்டு, 1 ஓம், 2 ஓம், 4 ஓம் அகத்தடைகளுக்கு மூன்று கோடுகள் வரையுங்கள். 4 ஓம் கோடு 20,000 ஹெர்ட்ஸில் 0.55-க்கு அருகே வந்து நிற்க வேண்டும். வேறு விடை வந்தால், இருமடி எடுக்காமல் கூட்டிவிட்டீர்களா என்று பாருங்கள்.